கிண்டி மானுக்கு யார் பட்டா கொடுத்தது?

நிலத்துல தகராறுன்னா எங்க பக்கம் முதல்ல கேக்கறது பட்டா, சிட்டா, அடங்கல். இந்த மூணும் இல்லாம இன்னொண்ணு இருக்கு. அது காகிதத்துல இருக்காது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வரப்பு மேலதான் மாடு ஓட்டிக்கிட்டுப் போறோம்" என்பார்கள். வழிநடைப் பாத்தியதை என்று அதற்குப் பேர். கோர்ட்டுக்குப் போனாலும் ஊர்ப் பெரியவங்க வந்து சாட்சி சொல்லணும். அவங்க ஞாபகம்தான் அங்கே ஆவணம்.

அந்த மாதிரி ஞாபகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு காட்டை அனுபவிச்சு வர்ற ஜீவன் மான். இன்னைக்கு அதைப் பத்தித்தான் எழுதறேன். குறிப்பா, சென்னை கிண்டியில இருக்கிற மான்.

எங்க பிள்ளையார்பாளையத்துல மான் கிடையாது. இங்க தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். நெசவுக்காரங்க நடுவுல, ஊருக்கு வெளியே கொஞ்சம் கழனி வெச்சுக்கிட்டு விவசாயம் பண்ற ஒருசில குடும்பத்துல நாங்களும் ஒண்ணு. மானைப் பாக்கணும்னா புடவைக் கரையிலதான் பாக்கணும், இல்லாட்டி கோயில்ல சிவன் கையில துள்ளிக்கிட்டு நிக்கிறதைப் பாக்கணும். உசுரோட மான் பாக்க எங்க ஊர்ப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல கூட்டிக்கிட்டுப் போறது கிண்டிக்குத்தான். எழுபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். நானும் அப்படித்தான் முதல்ல பாத்தேன். சென்னை மாதிரி ஒரு பட்டணத்து நடுவுல மான் எப்படி வந்துதுன்னு அப்ப யாரும் சொல்லித் தரலை. பின்னாடி படிச்சதுல தெரிஞ்சது, மான் பட்டணத்துக்கு வரலை, பட்டணம்தான் மான்கிட்ட வந்திருக்கு.

கிண்டியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு புள்ளிமான். இன்னொண்ணு வெளிமான், திருகின கொம்பு இருக்குமே அது. சரியாச் சொன்னா வெளிமான் மானே இல்லை, மாட்டுச் சாதி. புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமான் கொம்பு நம்ம மாட்டுக் கொம்பு மாதிரி, வந்தா வந்ததுதான். நாம ரெண்டையும் மான்னே சொல்லிப் பழகிட்டோம், நானும் அப்படியே எழுதறேன். வெளிமானுக்கு அந்தப் பேர் பொருத்தமான பேரு. அதுக்கு வெட்டவெளி வேணும், குட்டைப் புல்லு வேணும். புள்ளிமானுக்குப் புல்லும் வேணும், ஓடி ஒளிய மர நிழலும் வேணும்.

இனி காட்டோட கதை. 1670-களில் வில்லியம் லாங்கோர்ன் என்று ஒரு கவர்னர் சென்னைக் கோட்டையில் இருந்தார். அவர் கிண்டிக் காட்டில் கொஞ்சம் இடத்தைத் தோட்டமாக்கி ஒரு வீடு கட்டினார். கிண்டி லாட்ஜ் என்று அதற்குப் பேர். பிற்பாடு கவர்னர் மாளிகை ஆனது அந்த இடம்தான். மிச்சக் காடு கில்பர்ட் ரோடரிக்ஸ் என்கிற வெள்ளைக்காரர் கையில் இருந்தது. அவரிடமிருந்து 1821-இல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர், நம்ம கணக்குக்கு ஆயிரத்து இருநூத்தி நாப்பது ஏக்கருக்கு மேலே, ஒதுக்குக்காடு என்று அறிவித்தார்கள். வேட்டைக்கென்று வைத்திருந்த காடு. அதனாலேயே வெட்டாமல் தப்பித்தது என்றும் சொல்லலாம்.

இதுவரைக்கும் கைமாறினது எல்லாம் காகிதத்துலதான். காட்டுக்குள்ள இருந்த வெளிமானுக்கு லாங்கோர்னும் தெரியாது, ரோடரிக்ஸும் தெரியாது. வெளிமானை யாரும் கொண்டுவந்து விட்டதா ஒரு குறிப்பும் இல்லை. அதாவது அது அங்கேயே இருந்த குடி. புள்ளிமான் கதை வேற. அது 1945-க்கு அப்புறம் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. இதைக் கொஞ்சம் நினைவுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சுதந்திரத்துக்கு அப்புறம்தான் உண்மையான பாகப்பிரிவினை. 1956-இல் காந்தி மண்டபம் வந்தது. 1958-இல் ஒரு பெரிய பகுதியை ஐ.ஐ.டி. கட்டுவதற்காக மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் இன்னொரு பகுதி வனத்துறைக்குப் போய் மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் ஆனது. பிரதமர் நேரு சொல்லித்தான் அது நடந்தது. 1961-லிருந்து 1977 வரைக்கும் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக 172 ஹெக்டேர் போனது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் எழுபதுகளில் வந்தவை. மிச்சம் இருந்ததை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 270 ஹெக்டேர், மூணு சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

பங்கு போட்ட இடத்துல என் பங்கு, உன் பங்குன்னு கல்லு நட்டா மாடு அதைப் பாக்குமா? மேயற வழியில அது பாட்டுக்குப் போகும். மானும் அப்படித்தான் போச்சு. ஐ.ஐ.டி.ன்னு போர்டு வெச்ச பிறகும் அது மானுக்குப் பழைய காடுதான். கட்டடம் நடுவுல, சாலை நடுவுல, விடுதி வாசல்ல மான் நிக்குது. வெளியூர்க்காரங்க போட்டோ எடுத்து "மாணவர்களோட மான் பழகிடுச்சு"ன்னு எழுதறாங்க. எனக்கு அது அப்படித் தோணலை. அது பழகினது அந்த மண்ணோட. மாணவர்கள் பின்னாடி வந்தவங்க.

1980-களின் கடைசியில தேசியப் பூங்காவுக்கும் ஐ.ஐ.டி.க்கும் நடுவுல, பூங்காவுக்கும் கவர்னர் மாளிகைக்கும் நடுவுல சுவர் எழுப்பினாங்க. கல்லு நட்டதை மதிக்காத மான் சுவரை மதிச்சுத்தான் ஆகணும். ஒரே காடு, ஒரே கூட்டம் இருந்தது துண்டு துண்டாப் போச்சு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ன மானுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி எங்க இருக்குன்னு தெரியும். அது குட்டிக்குத் தெரியாது.

இந்த இடத்துல நான் ஜெர்மனிக்குப் போகணும். வேற வழியில்லை, இதே கதையோட மறுபாதி அங்கதான் இருக்கு.

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனி உதவியோட வந்ததுன்னு பலருக்குத் தெரியும். அதே காலத்துல மேற்கு ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் நடுவுல காட்டுக்குள்ள மின்வேலி இருந்தது. கம்யூனிஸ்ட் பக்கத்துலேர்ந்து ஆட்கள் தப்பி ஓடாம இருக்க வரிசையா மூணு வேலி, நடுவுல காவல். தாண்ட முயற்சி பண்ணிச் செத்த மனுஷங்களே நூத்துக்கணக்கு. அந்தக் காட்டுல செம்மான் என்கிற பெரிய மான் இருக்கு. வேலியால அதுவும் ரெண்டா பிரிஞ்சுபோச்சு. 1989-இல் ஆட்சி மாறி வேலியைப் பிடுங்கிட்டாங்க. இப்ப அங்க ஒரு பக்கம் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் செக் நாட்டு ஷுமாவா தேசியப் பூங்கா. நடுவுல தடுப்பே இல்லை. மனுஷன் நடந்து போறான், வர்றான்.

மான் போகலை.

பாவெல் ஷுஸ்டர் என்கிற உயிரியலாளரும் கூட இருந்தவர்களும் சுமார் 300 மான்களுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி, செயற்கைக்கோள் வழியாக ஏழு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2014-இல் முடிவைச் சொன்னார்கள். வேலி போய் இருபத்தஞ்சு வருஷம் ஆகியும் ரெண்டு பக்கத்து மானும் பழைய வேலி இருந்த கோட்டுக்கிட்ட வந்து திரும்பிப் போயிடுது. செம்மானோட ஆயுசு பதினைஞ்சு வருஷம் இருந்தா அதிகம். அப்படின்னா அந்த வேலியைக் கண்ணால பாத்த மான் ஒண்ணுகூட உசுரோட இல்லை. ஷாக் அடிச்ச மானெல்லாம் செத்துப்போச்சு. இருந்தும் பேரன் பேத்தி அந்தக் கோட்டைத் தாண்டலை. ஜெர்மனிப் பக்கத்துல அஹோர்னியான்னு பேர் வெச்ச ஒரு பெட்டை மான், கோடு வரைக்கும் வந்து வந்து திரும்பினதை 2009-லேயே பத்திரிகையில எழுதியிருக்காங்க.

இதுக்கு அவங்க சொல்ற காரணம் ரொம்பச் சாதாரணமானது. குட்டி பொறந்து முதல் வருஷம் பூரா அம்மா பின்னாடியே சுத்துது. அம்மா எந்த ஓடையில தண்ணி குடிக்குதோ அங்க குடிக்குது. அம்மா எங்க திரும்புதோ அங்க திரும்புது. ஏன் திரும்பினோம்னு கேக்கறது கிடையாது. அது பெரிசாகி குட்டி போட்டா அதே வழியைச் சொல்லித் தருது. எங்க ஊர் ஜக்கார்டுத் தறியில அட்டை ஓடுதுல்ல, அட்டையில ஓட்டை எப்படி இருக்கோ அப்படித்தான் பூ விழும். நெய்யறவர் மாறினாலும் பூ மாறாது. அந்த மாதிரி.

கவனிச்சீங்கன்னா கிண்டியில சுவர் எழும்பினதும், அங்க வேலி விழுந்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயம்.

மாடு வளர்த்தவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது. எங்க வீட்டுல ஒரு செவலைப் பசு இருந்தது. எங்க அப்பா பாலாத்துக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் ஒருத்தருக்கு வித்துட்டார். மூணாம் நாள் காலையில அது எங்க கொட்டாய்ல நிக்குது, கயிறு அறுந்து தொங்குது. ஆத்து மணல்ல ராத்திரியோட ராத்திரி நடந்து வந்திருக்கு. அது போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மாட்டு வண்டிக்குப் பின்னாடி கட்டி. அந்த ஒரு தடவையிலேயே வழியைப் புடிச்சுக்கிச்சு. வாங்கினவர் வந்து மறுபடி கூட்டிக்கிட்டுப் போனார், இந்தத் தடவை கன்னுக்குட்டியையும் சேத்து. அப்புறம் வரலை.

மானுக்கு இதைச் சோதிச்சுப் பாத்தும் இருக்காங்க. இத்தாலியில ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ரோ மான்னு சின்ன மான் ஒண்ணு. அதுக்குன்னு சில இடங்கள்ல தீவனம் வைப்பாங்க. ஒரு மான் வழக்கமா வந்து திங்கிற தீவனத் தொட்டியைக் கொஞ்ச நாள் மூடி வெச்சாங்க. மான் வேற இடத்துக்குப் போயிடுச்சு. திறந்ததும் திரும்ப வந்துடுச்சு. அது போற வர்ற தடத்தையெல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தா, கண்ணால பாத்தோ மூக்கால மோந்தோ தேடிக்கிட்டுப் போனதா இல்லை, எங்க கிடைக்கும்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுப் போனதுன்னு 2021-இல் எழுதினாங்க. மூடின இடமும் அதுக்கு மறக்கலை.

அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல மியூல் மான்னு இருக்கு, கழுதைக் காது மாதிரி பெரிய காது. குளிருக்கு ஒரு இடம், வெயிலுக்கு ஒரு இடம்னு வருஷா வருஷம் நடக்குது. நடுவுல 240 கிலோமீட்டர். ஹால் சாயர் என்பவர் பட்டை மாட்டிப் பாத்து 2014-இல் சொல்ற வரைக்கும் இவ்வளவு தூரம் நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ரோடு, வேலி, பண்ணை, ஆறு எல்லாத்தையும் தாண்டிப் போகுது. 255-ன்னு நம்பர் போட்ட ஒரு பெட்டை மான் அதையும் மிஞ்சி, பக்கத்து ஐடஹோ மாநிலம் வரைக்கும் 390 கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கு. காஞ்சிபுரத்துலேர்ந்து மதுரைக்குப் போற தூரம்னு வெச்சுக்கலாம். அதே வழியில திரும்பி வரவும் செய்யுது.

இதைவிட என்னை யோசிக்க வெச்சது வேற ஒரு ஆராய்ச்சி. மலை ஆட்டையும் மூஸ் என்கிற பெரிய மானையும் அமெரிக்காவுல ஒரு இடத்துலேர்ந்து புடிச்சு வேற இடத்துல விட்டாங்க. ஏற்கெனவே அழிஞ்சுபோன இடத்துல மறுபடி உண்டாக்கறதுக்காக. விட்ட புதுசுல அதுங்களுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலை. அங்கேயே நின்னுடுச்சு. பச்சை எங்க எப்ப வரும்னு அக்கம்பக்கத்தைக் கத்துக்கிட்டு, பழைய கூட்டங்க மாதிரி பருவத்துக்குப் பருவம் நடக்க மலை ஆட்டுக்கு நாப்பது வருஷம் ஆகுது. மூஸுக்குத் தொண்ணூறு வருஷம் ஆகும்னு கணக்கு. 2018-இல் வந்த ஆராய்ச்சி இது. இது ரத்தத்துல வர்றது இல்லை, பெரிசுகிட்டேர்ந்து சிறுசு கத்துக்கறதுன்னு அவங்க முடிவு. அப்ப ஒரு கூட்டத்துல இருக்கிற கிழட்டுப் பெட்டை மானைச் சுட்டா, ஒரு மான் மட்டும் சாகறதில்லை. அந்த ஏரியாவோட எஃப்.எம்.பி. புஸ்தகமே எரிஞ்சுபோகுது. (எஃப்.எம்.பி. தெரியாதவங்களுக்கு: சர்வேயர் வெச்சிருக்கிற புல வரைபடம்.)

இப்ப கிண்டிப் புள்ளிமானுக்கு வருவோம். 1945-க்கு அப்புறம் வந்ததுன்னே வெச்சுக்கிட்டாலும் எழுபத்தஞ்சு, எண்பது வருஷம் ஆச்சு. புள்ளிமான் ரெண்டு வயசுக்குள்ள குட்டி போட ஆரம்பிக்குது. எத்தனை தலைமுறை ஆயிருக்கும்னு நீங்களே கணக்குப் பாத்துக்குங்க. அதுங்க இப்ப குடியேறின ஜனம் இல்லை, சொந்த ஊர்க்காரங்க. ஆனா அந்த எண்பது வருஷத்துக்குள்ள அவங்க ஊரையே நாலா வெட்டிட்டாங்க. சுவர் ஓரமா வேளச்சேரிப் பக்கம், தரமணிப் பக்கம் ரோட்டுல மான் வந்து நின்னு, நாய் துரத்தி, வண்டியில அடிபட்டு, அப்பப்ப செய்தியில வருது. செத்த மானை அறுத்துப் பாத்தா வயித்துல பிளாஸ்டிக்னும் பல தடவை வந்திருக்கு. "வழி தவறி வந்த மான்"ன்னு தலைப்பு போடறாங்க. வழி தவறினது மான்தானான்னு எனக்குச் சந்தேகம் உண்டு.

வெளிமான் நிலைமை இன்னும் கஷ்டம். அதுக்கு வெட்டவெளி வேணும்னு சொன்னேன். கிண்டியில போலோ மைதானம்னு சொல்ற திறந்த புல்வெளிதான் அதுக்கு முக்கியமான இடம். அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க விளையாடின பேரு அப்படியே நிலைச்சுப்போச்சு. நல்லது பண்றோம்னு நினைச்சு அந்த மாதிரி வெளியில மரம் நட்டா, வெளிமானுக்கு அது நாம ஏரியில வீடு கட்டற மாதிரி. ஆண் வெளிமான் தன் இடத்தை ரொம்ப அழுத்தமா வெச்சுக்கும். ஒரே இடத்துல புழுக்கை போட்டுக் குவிக்கும். கண்ணோரத்துல இருக்கிற சுரப்பியைக் குச்சியில, புல்லுல தேச்சு வாசனை வைக்கும். நம்ம எல்லைக்கல்லு மாதிரி. குஜராத்துல பாவ்நகர் பக்கம் வேளாவதர்னு வெளிமானுக்குன்னே ஒரு தேசியப் பூங்கா இருக்கு, 34 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்துல பாவ்நகர் மகாராஜாவோட புல்வெளி. அங்க பருவத்துல ஆண் மான்கள் ஒரு திடல்ல கூடி, ஆளுக்கு ஒரு துண்டு இடம் புடிச்சு நிக்குமாம். பெட்டைங்க வந்து பாத்துத் தேர்ந்தெடுக்கும், நம்ம பக்கம் பொண்ணு பாக்கறதுக்குத் தலைகீழா. அந்தத் திடல் வருஷத்துக்கு வருஷம் பெரும்பாலும் மாறறதில்லை. அந்த பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி 1948 முதல் 1952 வரைக்கும் சென்னை மாகாண கவர்னரா இதே கிண்டி மாளிகையில குடியிருந்தவர். ஊர்ல ஒரு வெளிமான் காடு, வேலை பாத்த இடத்துலயும் ஒரு வெளிமான் காடு. கொடுத்து வெச்சவர்.

இவ்வளவும் மானுக்குப் பரிஞ்சு எழுதியாச்சு. விவசாயியா இன்னொரு பக்கமும் எழுதணும். ஏன்னா மான் ஞாபகம் வெச்சுக்கறது காட்டை மட்டும் இல்லை.

என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது செங்கத்துக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். ரெண்டு ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடறாங்க. செடி ரெண்டு விரக்கடை எழும்பினதும் மான் வந்துடும். மாப்பிள்ளை சொல்றது: "வருஷா வருஷம் அதே புளியமரத்துக்கிட்ட, அதே ஓடைக்கரை வழியா ஏறி வருது மச்சான். ஒரு வருஷம் கேழ்வரகு போட்டேன், அப்பவும் வந்து பாத்துட்டுத்தான் போச்சு." அடுத்த வருஷம் அந்த இடத்துல முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சார். மான் வேலி ஓரமாவே நடந்து, எங்க சந்து இருக்குன்னு பாத்து, பக்கத்து நிலத்து வழியா உள்ள வந்துது. பக்கத்து நிலத்துக்காரருக்கும் இவருக்கும் அதுல சண்டை. ராத்திரி தகரத்தைத் தட்டிக்கிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு உக்காந்தா அன்னைக்கு வராது. அசந்த அன்னைக்கு வரும். இப்ப அவர் காவல் காக்கறது நிலம் பூரா இல்லை. அந்த ஓடைக்கரை ஒரு இடத்துலதான் பரண் போட்டிருக்கார். மான் வழி மாத்தாதுன்னு அவருக்குத் தெரியும். அவர் அங்கதான் இருப்பார்னு மானுக்கும் தெரிஞ்சிருக்கும், சொல்ல முடியாது.

கை வைக்க முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, புள்ளிமானும் அதுல, வெளிமானும் அதுல. வைக்கவும் வேணாம். பயிர் போனா எழுதிக் கொடுத்து நஷ்டஈடு வாங்க வழி இருக்கு. ஆனா ரெண்டு விரக்கடைச் செடிக்கு என்ன மதிப்புப் போடுவாங்க? விளைஞ்சா மூட்டை, விளையறதுக்கு முன்னாடி அது வெறும் பச்சை. பழைய காலத்து வேட்டைக்காரங்களும் மானோட இந்தக் குணத்தை வெச்சுத்தான் வலை கட்டினாங்க. தடம் பாத்துக் கட்டிட்டு, அந்தப் பக்கம் துரத்தி விட்டா போதும். ஞாபகம் அதுக்குச் சோறும் போடுது, சாவும் வைக்குது.

"புடிச்சுக்கிட்டுப் போய் வேற காட்டுல விட்டுடலாமே"ன்னு கிண்டி மானுக்கும் சொல்றாங்க, செங்கத்து மானுக்கும் சொல்றாங்க. டவுன்ல இருக்கறவங்களுக்கு அது சுலபமாத் தெரியும். மானைக் கையால புடிச்சா பயத்துலயே அதுக்குத் தசை கெட்டு, ரெண்டு நாள் கழிச்சுக்கூட செத்துப்போகும். ஆட்டுக்குட்டியைத் தூக்கி வண்டியில போடற மாதிரி இல்லை. மத்தியப் பிரதேசத்துல ஆப்பிரிக்கா முறைன்னு ஒண்ணு பண்றாங்க. போமான்னு பேரு. புனல் மாதிரி ரெண்டு பக்கமும் துணிச் சுவர் கட்டி, மானைத் தொடாமலேயே மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து லாரிக்குள்ள ஏத்தறது. பெஞ்ச் காட்டுலேர்ந்து சாத்புரா காட்டுக்கு நிறைய புள்ளிமானை அப்படித்தான் கொண்டுபோனாங்க. 2022-இல் குனோவுல சிவிங்கிப்புலி விட்டப்ப, அதுக்கு இரையா இருக்கட்டும்னு புள்ளிமானும் வேற இடத்துலேர்ந்து போச்சு. மலை ஆட்டுக்கு நாப்பது வருஷம்னு அந்த ஆராய்ச்சியில சொன்னதைப் படிச்சப்ப எனக்கு அந்த மானுங்க ஞாபகம்தான் வந்துது. தண்ணி எந்தப் பக்கம்னே தெரியாத ஊர்ல, புலிக்கு முன்னாடி இறக்கி விடறது.

மிருகத்துக்கு இடம் ஞாபகம் இருக்கு, அதை மனுஷன் காகிதத்துலயும் ஏத்தியிருக்கான்னு சொல்ல எங்க மாவட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. மான் இல்லை, பறவை. வேடந்தாங்கல் ஏரிக்கு வருஷா வருஷம் அதே மரத்துக்குப் பறவைங்க வரும். எச்சம் விழுந்த ஏரித் தண்ணி கழனிக்கு எரு. அது ஊர் ஜனங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க வந்து சுட்டுட்டுப் போனப்ப ஊர்க்காரங்க சும்மா விடலை. கலெக்டர்கிட்ட போய் உத்தரவு வாங்கினாங்க, 1798-இல். கொடுத்தவர் லயோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில வர்ற அதே பிளேஸ் துரை. 1858-இல் அதைப் புதுப்பிச்சும் வாங்கினாங்க. அப்ப அது செங்கல்பட்டு ஜில்லா, நடுவுல காஞ்சிபுரம் மாவட்டம் ஆச்சு, 2019-இல் பிரிச்சதுல மறுபடி செங்கல்பட்டுக்கே போயிடுச்சு. பறவைக்கு எந்த மாவட்டமா இருந்தா என்ன.

வேடந்தாங்கல் பறவைக்காக மனு போட ஒரு ஊர் இருந்தது, அந்த ஊருக்கு அதுல லாபமும் இருந்தது. கிண்டி வெளிமானுக்கு அப்படி ஒரு ஊர் இல்லை. 1821-இல் வித்தப்ப, 1958-இல் பிரிச்சப்ப, அதுக்காகப் பேச யாருக்கும் அங்க கழனி இல்லை. 1978-இல் கிடைச்ச தேசியப் பூங்கா அறிவிப்புதான் அதுக்கு முதல் பட்டா. அதுவும் 270 ஹெக்டேருக்கு மட்டும். சுவருக்கு வெளியே ஐ.ஐ.டி. வளாகத்துல மேயற மானுக்கு இன்னைக்கும் வழிநடைப் பாத்தியதைதான்.

அடுத்த தடவை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கிண்டிக்குப் போறவங்க சிறுவர் பூங்காவுல கூண்டுக்குள்ள இருக்கிறதைப் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க. சர்தார் பட்டேல் ரோட்டுல பஸ் போறப்ப ஜன்னலோரமா உக்காந்து சுவர் மேலே தெரியற மரத்தைப் பாருங்க. சாயங்காலம் வெயில் சாஞ்ச நேரமா இருந்தா நல்லது, மான் மேயறதுக்கு வெளியே வர்ற நேரம் அதுதான். பிள்ளைங்க கையில இருக்கிற பிஸ்கட் கவரை மட்டும் வாங்கிப் பையில போட்டுக்குங்க.